அறுபது அடிக் கம்பம்

"கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் சர்வே ஆபீஸ் முதலாளி ஆண்டனிராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பதில் சொல்ல வராதபோது கண்ணாடிக்குத்தான் வேலை.

"ஏம்மா ஐரினு, ஒரே ஒரு கையெழுத்து. அதுக்கா இம்புட்டு வீம்பு?"

வீம்புதான். பன்னிரண்டு வருஷமாகத் திண்டுக்கல்லைச் சுற்றி நிலம் அளந்து படம் போட்டுக் கொடுக்கிறவள் நான். பார்க்காத எதற்கும் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

விஷயம் இதுதான். இரண்டாயிரத்து நான்காம் வருஷம் சிறுமலையின் மேற்கு விளிம்பில் ஐந்து மாடி ஓட்டல் கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. விளிம்பு என்றால் விளிம்பேதான். ஒவ்வொரு அறை ஜன்னலிலிருந்தும் சமவெளி முழுவதும் தெரிய வேண்டுமாம். அனுமதி கொடுக்கும் குழு ஒரே ஒரு கேள்வி கேட்டது. கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தக் கட்டடம் தெரியுமா, மலையின் தோற்றத்தைக் கெடுக்குமா? நேரில் பார்த்து எழுதியவரின் கையெழுத்தோடு அறிக்கை வேண்டும் என்றார்கள். அந்த வேலை எங்களிடம் வந்தது. சார் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே, 'எங்கிருந்து பார்த்தாலும் தெரியாது' என்று டைப் அடித்து, என் பெயரையும் போட்டு வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மலையின் மேல்கோடு நான் தினமும் பார்ப்பது. ஆபீசுக்கு வண்டியில் வரும்போது ஐந்து நிமிஷம் அது கூடவே வரும். யாரும் கைவைக்காத ஒரே நீளமான கோடு. அதன் நடுவில் ஐந்து மாடியை நட்டுவிட்டு, தெரியாது என்று என்னையே சொல்லச் சொன்னால்?

"சரி, திங்கக்கிழமையிலருந்து நீ வேலைக்கே வர வேணாம்" என்றார் சார்.

அந்த நேரத்தில் கம்பெனி மேனேஜர் பழனிக்குமார் உள்ளே வந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர். அதிர்ந்து பேச மாட்டார்; ஆனால் பேச்சை முடிக்கும்போது அவர் நினைத்ததுதான் நடந்திருக்கும். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"அம்மிணி சொல்றதும் நாயந்தானுங்க. எப்படிப் பாக்கோணும்னு சொல்லுங்க, பாத்துப்போடலாம்."

சொன்னேன். கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு அதே இடத்தில் ஒரு கம்பம் நட வேண்டும். கட்டடத்துக்கு என்ன நிறமோ அதே நிறத்தில் பெரிய துணி கட்ட வேண்டும். கீழே ஒன்பது இடங்களில் ஆள் நிறுத்தி, தெரிகிறதா இல்லையா என்று கேட்க வேண்டும். எங்கேயும் தெரியவில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

"ஒம்போது இடத்தை மட்டும் நாங்களே சொல்லிப்போடறமுங்க. ஜனம் கூடுற இடமாப் பாத்து" என்றார் பழனிக்குமார். அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில் நானும் தலையாட்டினேன். அங்கேதான் ஏமாந்தேன்.

ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை. மூன்று இரும்புக் குழாய்களைச் சேர்த்து அறுபது அடிக் கம்பம் செய்து, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி விளிம்பில் நிறுத்தினோம். ஓட்டலின் வரைபடத்தில் மேல் மாடிகளுக்கு மஞ்சள், கீழே வெள்ளை. அதே போல் மஞ்சளும் வெள்ளையுமாகத் தைத்த முப்பது அடித் துணியை இருட்டுகிற நேரத்தில் மேலே ஏற்றினார்கள். காற்று அதை விரித்துப் பிடித்தது. எவ்வளவு காற்று அடித்தால் கம்பம் தாங்கும் என்று நானும் சாரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வேறு எதுவும் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனி ஜீப்பில் மறுபடி விளிம்புக்கு வந்தோம். கீழே ஒன்பது இடங்களிலும் ஆட்கள் நின்றார்கள். சாரின் செல்போனுக்கு ஒவ்வொருவராகப் பேசினார்கள்.

பஸ் ஸ்டாண்டு: தெரியவில்லை. ரயில் நிலையம்: தெரியவில்லை. பெட்ரோல் பங்க், தெரியவில்லை. சார் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லி எழுதினார். ஆறாவது வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்குக் கடைகளின் மாடிதான் தெரியும். ரயில் நிலையத்தில் கூரை. பெட்ரோல் பங்கிலும் கூரை. ஜனம் கூடுகிற இடமெல்லாம் ஜனம் எதையாவது கட்டி மறைத்த இடம். பட்டியலை வாங்கியதும் ஒரு நடை போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வாய் கிழியப் பேசியவள், பார்க்காமலே தலையாட்டியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒன்பது மணிக்கு ஒன்பதாவது போனும் வந்தது. தெரியவில்லை.

சார் டைப் அடித்த அறிக்கையை ஜீப்பின் முன்மூடி மேல் விரித்து, பேனாவையும் திறந்து நீட்டினார். "போடும்மா. நீ கேட்ட சோதனதான்."

வாக்குக் கொடுத்தவள் நான். பேனாவை வாங்கிவிட்டேன். கை மட்டும் காகிதத்துக்குப் போகவில்லை. "செத்த நேரம் பொறுங்க சார்" என்றேன். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று எனக்கே தெரியாது.

அப்போது சரிவில் ஆள் அரவம் கேட்டது. ஒற்றையடிப் பாதையில் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். தலையில் துண்டு, கையில் மஞ்சள் பை, பைக்குள் தேங்காய், பழம், சூடம். அடிவாரத்துப் பூந்தோட்டக்காரர், பெயர் சடையாண்டி என்றார்.

"சாமி எங்கன தாயி இருக்கு?"

"எந்தச் சாமிங்க?" என்றார் பழனிக்குமார்.

"என்னய்யா இப்பிடிக் கேக்குறீக? கொடி ஏத்தியிருக்கீகள்ல? செவ்வாக்கெழம, மஞ்சக் கொடி, முருகன் இல்லாம வேற யாரு? விடியக்குள்ள பூவெடுக்கையில பாத்தோம். எங்க தோட்டத்து ஆளுக அம்புட்டுப் பேரும் பின்னாடி வாராக."

சார் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்தது. பின்னாடி அம்புட்டுப் பேரும் வந்தார்கள். அவர்களோடு வேறொரு கூட்டமும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தது. முன்னால் வந்த ரோசலின் அக்கா எனக்குத் தெரிந்தவர். மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். கை நிறைய மெழுகுவர்த்தி.

"ஐரினு, நீயும் வந்துட்டியா? எந்தப் பங்குச் சாமியாரு கொடியேத்துனது? சொல்லவே இல்லயே ஒருத்தரும்!"

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, அங்கே சுவர் இல்லை. அந்தோணியார் திருவிழா மாதம். செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் கிழமை. வெள்ளையும் மஞ்சளும் எங்கள் கோயில் கொடியின் நிறம். ஞானஸ்நானம் வாங்கிய இரண்டு பேர், நானும் சாரும், பக்கத்தில் நின்று ஏற்றியிருக்கிறோம், அதைக் கொடி என்று நினைக்கவில்லை!

"எங்க முருகன் கொடிக்கு இவுக எதுக்கு வாராக?" என்றார் சடையாண்டி.

"முருகன் கொடியா? வெள்ளயும் மஞ்சளும் யாரு கொடின்னு ஊருல போயிக் கேளுங்க" என்றார் ரோசலின் அக்கா.

இரண்டு கூட்டமும் கம்பத்தைச் சுற்றி நின்று வழக்காடத் தொடங்கியபோது, கடைசியாக ஒரு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். சாரின் மனைவி டெய்சி அக்கா. இரண்டு நாளாக அடிவாரத்தில் அம்மா வீட்டில் இருந்தார்.

"ஏங்க, நீங்களும் கும்பிட வந்தீகளா?" என்றார் சாரைப் பார்த்து.

"நீ எங்கயிருந்து பாத்த?" என்றார் சார்.

"அம்மா வீட்டு மொட்ட மாடியிலருந்துதான். பளிச்சுன்னு தெரிஞ்சுச்சே. ஏன், தெரியக் கூடாதா?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்திலேயே குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எந்த இடத்திலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். வெண்டைக்காய்த் தோட்டம். தென்னந்தோப்பு வரப்பு. கண்மாய்க் கரை. வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஊருக்கு வந்தவள், மில் பஸ்சின் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒன்பது இடம் கேட்டேன். நாற்பத்தோரு இடம் கிடைத்தது. எல்லாம் மனிதர்கள் குனிந்து வேலை செய்து, நிமிரும்போது மலையைப் பார்க்கிற இடங்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லாமல் அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. சொன்னேன். சாமி இல்லை, கோயில் இல்லை. இந்த உயரத்துக்கு, இந்த நிறத்தில், இங்கே ஓட்டல் வரப்போகிறது. கீழேயிருந்து தெரியுமா என்று பார்க்கத்தான் இந்தத் துணி.

ரோசலின் அக்கா மெழுகுவர்த்திகளை முந்தானையில் முடிந்துகொண்டார். சடையாண்டி தேங்காயைப் பையில் வைத்துவிட்டுப் பழனிக்குமாரிடம் போனார்.

"அப்ப தெனமும் கண்ணு முழிச்சா இதத்தான் பாக்கணுமாய்யா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பழனிக்குமாரால் சமாளிக்க முடியவில்லை. அவர் விளிம்பு வரை போய் வெகுநேரம் கீழே பார்த்தார். திரும்பி வந்தபோது என்னிடம் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, எத்தன அடி பின்னாடி போனா தெரியாதுங்க?"

மணலில் குச்சியால் படம் போட்டுக் கணக்குச் சொன்னேன். "ஆயிரம் அடி. ஆனா ஜன்னலத் தெறந்தா சமவெளி தெரியாது. காடுதான் தெரியும்."

"தெரியட்டுமுங்க. சமவெளி பாக்கோணும்னா நடந்து வந்து பாக்கட்டும். இவிய மூணு மணி நேரம் ஏறி வரலீங்களா?"

சார் டைப் அடித்த அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். டெய்சி அக்கா என்ன காகிதம் என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றார் சார். வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை, நானும் கேட்கவில்லை.

கம்பத்தைப் பிடுங்கி ஆயிரம் அடி பின்னால் நட இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் மலைக்குப் போகவில்லை. ரோசலின் அக்காவின் மல்லிகைத் தோட்டத்துக்குப் போனேன். பூ எடுக்கும் பெண்கள் வரிசைகளுக்குள் குனிந்திருந்தார்கள். வெளிச்சம் வந்து மேல்கோடு தெளிவாகத் தெரியும் வரை காத்திருந்து, அக்காவைக் கூப்பிட்டேன்.

"இப்பப் பாருங்கக்கா."

அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். என் கணக்கு தப்பாகியிருந்தால் என்ன செய்வேன் என்று அந்த நேரத்தில்தான் பயந்தேன்.

"துணிய அவுத்துட்டாகளா தாயி?"

"இல்லக்கா. அதே கம்பம், அதே துணி. சார் மேல நிக்கிறாரு. இப்பத்தான் போன்ல சொன்னாரு, பறந்துக்கிட்டு இருக்காம்."

அவர் மற்ற பெண்களையும் கூப்பிட்டார். எட்டுப் பேர் பூக்கூடைகளோடு வரப்பில் வந்து நின்று தேடினார்கள். ஒருத்திக்கும் அகப்படவில்லை.

"ஒண்ணுமே இல்லயே" என்றார் ரோசலின் அக்கா. "மலதான் இருக்கு."

அறிக்கையில் அதையே எழுதினேன், அவர் சொன்ன மாதிரியே. மற்ற நாற்பது இடங்களிலும் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே வரப்பில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.