மேட்டுக்கு ஏறிய பட்டி

திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. செவ்வாய் மாலை விழுந்த ஆலங்கட்டியில் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. புதன் காலை மார்லா வாவ்ரா கதவைத் திறந்தபோது வாசற்படியில் பனி கிடந்தது. மே மாதக் கடைசியில்.

நெப்ராஸ்காவின் மேற்குச் சமவெளியில் இதற்கெல்லாம் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. மார்லாவுக்கு மட்டும் அந்த வாரம் வானத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. சனிக்கிழமை அவளுடைய நாள். வருடக்கணக்காகப் பிறர் கன்றுகளுக்குச் சுருக்குக் கயிறு வீசியவள், முதல்முறையாகத் தன் கன்றுகளுக்குத் தன் பண்ணையின் அடையாளக் குறியைச் சூடு போடப் போகிறாள். வசந்தத்தின் சனிக்கிழமைகளை அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குளிர்காலத்திலேயே பங்கு பிரித்துக்கொள்வார்கள். எல்லோரும் வந்து வேலை செய்வார்கள். கூலி கிடையாது, மதியச் சாப்பாடு மட்டும். அவளுக்கு வேறு சனிக்கிழமை மிச்சமில்லை. திங்களன்று மாடுகள் லாரி ஏறி கோடை மேய்ச்சலுக்குப் போகவேண்டும். அங்கே மூன்று பண்ணை மாடுகள் கலந்து மேயும். குறியில்லாத கன்றை உள்ளே விடமாட்டார்கள்.

மழை பெய்தால் கதை முடிந்தது. ஈரத்தோலில் சூட்டுக்கோல் பட்டால் ஆவி கிளம்பும், குறி கலங்கிப் பரவும், கன்றுக்கும் புண் பெரிதாகும்.

வியாழனன்று காற்று ஆளைத் தள்ளியது. இரும்புத் தட்டிகளைக் கோத்துப் பட்டி போட அவளும் தம்பி ராய்ஸும் புறப்பட்டார்கள்.

"மேட்டுல போட்டா தூசியில கண்ணு அவிஞ்சிரும்க்கா" என்றான் ராய்ஸ்.

"ஆமா, ஓடைப் பக்கமே போடு. மரம் மறைக்கும்."

வெள்ளியன்று மாடுகளையும் கன்றுகளையும் பட்டியில் அடைத்தார்கள். மாலை மழை பெய்து ஓய்ந்தது. இரவோடு காற்றும் அடங்கியது.

சனிக்கிழமை விடியுமுன் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நாளைத் தள்ளிப்போட வேண்டுமானால் பண்ணைக்காரர்தான் போன் செய்து சொல்லவேண்டும். மற்றவர்கள் கேட்பது மரியாதையில்லை. மார்லா போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றாள்.

"வேண்டாம்னு சொல்லிரு, இல்லேன்னா எல்லாரும் கிளம்பிருவாங்க" என்றான் ராய்ஸ்.

"இன்னும் கொஞ்சம் பாப்போம்."

அந்தக் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. மூடுபனிக்குள் குதிரை டிரெய்லர்களின் விளக்குகள் மஞ்சளாக வரத் தொடங்கின.

பக்கத்துப் பண்ணை லானி டைக் வந்து இறங்கியதுமே பட்டிக்குள் போய் ஒரு கன்றின் முதுகைத் தடவினான். கையை உதறினான். தண்ணீர் தெறித்தது.

"மார்லா, எங்களை சூடு போடக் கூப்பிட்டியா, குளிப்பாட்டக் கூப்பிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா சோப்பு எடுத்துட்டு வந்திருப்பேனே!" என்றான் லானி விடாமல்.

"முதல்ல உன் வாயைக் கழுவு" என்றாள் அவன் மனைவி ஜோ.

காப்பி தீர்ந்தது. யாரும் வானிலையைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் மார்லாவைக் கொன்றது. அவள் பட்டிக் கதவோரம் போய் நின்றாள். மரங்களில் ஓர் இலை அசையவில்லை. ஆனால் எங்கோ க்ரீச், க்ரீச் என்று ஒரு சத்தம். நேற்றிரவு அது இல்லை. மேட்டின் மேல் தண்ணீர் இறைக்கும் காற்றாலை அது. சுற்றுகிறது!

குதிரையில் ஏறி மேட்டை நோக்கி விரட்டினாள். பாதிச் சரிவில் மூடுபனி தலைக்குக் கீழே போய்விட்டது. மேலே வெயில். காற்று அவள் தொப்பியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் திரும்பி இறங்கினாள்.

"பட்டியை மேல கொண்டு போறோம்!"

"எல்லாத்தையுமா?" என்றான் லானி.

"எல்லாத்தையும்!"

"இதைப் பள்ளத்துல போடச் சொன்ன புத்திசாலி யாரு?"

"நான்தான்! தப்புதான்! கழட்டு, லானி!"

ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு அவனே முதல் கொக்கியைத் தட்டினான். பிறகு பேச்சுக்கு நேரமில்லை. தட்டிகள் டிரெய்லரில் விழும் சத்தம், குதிரைகள், நாய்கள், தாயைத் தேடிக் கதறும் கன்றுகள். மூடுபனியிலிருந்து மாடுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டி வெயிலுக்கு ஏறின. முதுகுகளில் ஆவி பறந்தது. காற்று அதை அள்ளிக்கொண்டு போனது.

கேஸ் அடுப்பில் சூட்டுக்கோல்கள் சிவக்கும் நேரம் லானி மறுபடி ஒரு கன்றைத் தடவிப் பார்த்தான். உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான். காய்ந்திருந்தது.

முதல் கயிறு வீச அழைப்பது பெரிய மரியாதை; யாரை அழைத்தார்கள் என்பதை இங்கே ஆண்டு முழுக்கப் பேசுவார்கள்.

"லானி, நீ போ" என்றாள் மார்லா.

அவன் கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தான். குதிரை ஏறினான், கயிறு பின்னங்கால்களில் சுற்றி விழுந்தது. கோலை மார்லா அழுத்தினாள், எண்ணினாள், எடுத்தாள். சாய்ந்த ஒரு 'வி', அடியில் கோடு. வரைந்ததுபோல் சுத்தமாக.

"அக்கா, மேற்கே பாரு" என்றான் ராய்ஸ்.

அடிவானத்தில் கருநீலமாக ஒரு சுவர் எழுந்திருந்தது.

"அதைப் பாக்காதே. கன்னுக்குட்டியைப் பாரு. அடுத்தது!"

அதன்பின் ஒருவரும் நடக்கவில்லை, ஓடினார்கள். ஜோ தடுப்பூசி போட்டாள், ராய்ஸ் கோல் மாற்றினான், நால்வர் கயிறு வீசினார்கள். இடி நெருங்க நெருங்கப் பட்டி காலியாகிக்கொண்டு வந்தது. கடைசிக் கன்று எழுந்து, தும்மிவிட்டுத் தாயிடம் ஓடியபோது, மார்லாவின் கையிலிருந்த கோலில் ஒரு துளி விழுந்து சீறியது.

"இப்பக் குளிப்பாட்டலாம்!" என்று கத்தினான் லானி.

மழை கொட்டியது. எல்லோரும் சாப்பாட்டை நோக்கி ஓடினார்கள். மார்லா மட்டும் வேலியோரம் போய், நனைந்துகொண்டே தொப்பியைத் தேடினாள்.