கூரையைத் தொடாத சுவர்கள்

சோப்பு ஆலையாக இருந்த கட்டடத்தை ஃப்ளாட்டுகளாக மாற்றி விற்றவன் பலே கெட்டிக்காரன். பழைய இரும்பு உத்தரங்களின் அழகு கெடக்கூடாதாம். அதனால் வீட்டுக்குள் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. தலைக்கு மேல் இரண்டு முழம் போய் நின்றுவிடும். என் கணவர் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தார். நான் அப்போதே அந்த வாயை மூடியிருக்க வேண்டும்.

இங்கே ஒருவர் கொட்டாவி விட்டால் மூன்று அறைக்கும் கேட்கும். மாமனார் இருமினால் என் தலையணையிலேயே இருமுகிற மாதிரி இருக்கும். நாங்கள் கிசுகிசுத்தால் அவர் அறையில் ரேடியோ சத்தம் நாசூக்காகக் கூடும். அதைவிட எரிச்சல் வேறில்லை.

அதனால் சண்டை போடக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போவோம். நாங்கள் மட்டுமா? சாயங்காலம் போய்ப் பாருங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்கு ஒரு ஜோடி கையை ஆட்டிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு டாக்டரம்மா எங்களைப் பார்த்தால் தலையை அசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

கொஞ்ச நாளாக எங்களுக்கு ஒரே சண்டைதான். மாமாவைக் கணவரின் அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதா, வேண்டாமா? அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இந்த வீடு மூன்றாவது ஜோடிக் காதைத் தாங்காது, அவ்வளவுதான். கணவரோ அண்ணனிடம் இதோ பேசுகிறேன், அதோ பேசுகிறேன் என்று மென்று விழுங்குவார். நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். கீழ வாங்க."

போனால், எங்கள் வண்டியில் ஏற்கெனவே ஆள். நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய மாமா, மாற்றுச் சாவி போட்டுத் திறந்து, பின்சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"நீ வந்து கூட்டிட்டுப் போயிடேன்டா. நான் இருக்கறதால இதுங்க ரெண்டாலயும் வாய்விட்டுச் சண்டை போடக்கூட முடியல... ம்... சரி. சரிடா. கஷ்டம்னா விடு. புரியுது."

மூத்த மகன் கையை விரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, அந்த அண்ணன்மேல், மரம் மாதிரி நின்ற என் கணவர்மேல், என்மேலும்தான்.

எங்களைப் பார்த்ததும் மாமா பதறி இறங்கினார்.

"வண்டி வேணுமாம்மா? இதோ, நான் கெளம்பிட்டேன். நீங்க உக்காந்து பேசுங்க." எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாங்க பேசி முடிச்சாச்சு மாமா," என்று கதவை அறைந்து சாத்தினேன். "மேல வாங்க."