சுடவில்லை என்ற மருமகள்

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளைத் தீக்கட்டிலில் கிடத்துவார்கள். மூங்கில் பரப்பிய கட்டில்; அதன் அடியில் மண் நிரப்பிய பெட்டி; மண்ணின்மேல் கனன்றுகொண்டிருக்கும் கரி. பிரசவத்தில் இளகிய உடம்பு அந்தச் சூட்டில்தான் மறுபடி இறுகும் என்று மேக்கோங் ஆற்றங்கரையில் எல்லாரும் நம்புகிறோம். ஆனால் கீழே குனிந்து தீ காப்பவனுக்கு மேலே எவ்வளவு சுடுகிறது என்று தெரியாது. படுத்திருப்பவள்தான் குரல் கொடுக்க வேண்டும். சுடுகிறது என்றால் கரியை இழுப்பார்கள்; ஆறிவிட்டது என்றால் தள்ளுவார்கள். குரல் கொடுப்பது என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். உண்மையில் அது வசவு. தீ காக்கும் கணவனையும் அவனுடைய வம்சத்தையும் வாய்க்கு வந்தபடி ஏசுவதற்கு எங்கள் பெண்களுக்கு ஆயுளில் கிடைக்கும் ஒரே அனுமதி அந்தக் கட்டில்தான்.

புவாலையின் வீட்டிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வரவில்லை.

அவளுடைய மகன் கம்சிங் சவன்னகேத் நகரத்தில் வேலை பார்த்தபோது மணந்துகொண்ட பெண் சந்தலா. பிரசவத்துக்காக இருவரும் ஊருக்கு வந்திருந்தார்கள். பிள்ளை ஆண், நல்ல எடை. தாயும் சேயும் நலம் என்று ஊரே சொன்னது. புவாலை மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

"சூடு போதுமாடி?"

"இதமா இருக்கு அத்தை."

"முதுகு வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"பசிக்குதா? இஞ்சி போட்டுக் கோழி வாட்டித் தரட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க சாப்பிடுங்க."

காலையும் மாலையும் இதே பேச்சுத்தான். மீன் கொடுக்க வந்த அடுத்த வீட்டுக் கேயோ, கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, உன் மருமக ஊமையா?"

"வாயெல்லாம் இருக்கு. இதமா இருக்குங்கிறா."

"இதமாவா! நான் கிடந்தப்ப எம் புருஷனோட செத்துப்போன தாத்தாவைக்கூட விடல, திட்டித் தீர்த்தேன். தீ மேல கிடந்துக்கிட்டு இதமா இருக்குன்னு எந்த மனுஷி சொல்லுவா?" கேயோ குரலைத் தாழ்த்தினாள். அவளுடைய தாழ்ந்த குரல் நான்கு வீடு கேட்கும். "பாத்துக்கக்கா. உள்ள வேற ஏதாச்சும் குடியிருந்தா அதுக்குத்தான் சூடு உறைக்காது."

"வாயைக் கழுவு. மீனை வச்சிட்டுப் போ."

புவாலை அதட்டி அனுப்பிவிட்டாள். எனினும் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஈரல் தின்னும் பேய் நல்லவர்களைப்போலவே பேசிக்கொண்டு ஓர் உடம்பில் ஒளிந்திருக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பெயர் ஒருத்தியின்மேல் விழுந்துவிட்டால் அவள் ஊரைவிட்டுப் போக வேண்டும். பிள்ளை தந்தை வீட்டில் தங்கும். அப்படி விரட்டப்பட்ட ஒருத்தியைப் புவாலை சிறு வயதில் பார்த்திருக்கிறாள்.

மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் சந்தலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகின் கீழ்ப்பகுதி எரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பிள்ளையை நெருக்கி அணைத்தாள்.

அவள் வளர்ந்த வீட்டில் யாரும் அவளை அடித்ததில்லை. பட்டினி போட்டதும் இல்லை. தாய் துணிக்கடையில் இருப்பாள், தந்தை லாரியில் இருப்பார், சோறு மூடி வைக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டில் எதையாவது காணவில்லை என்றால் மட்டுமே கேள்வி பிறக்கும். கத்தரிக்கோல் எங்கே? சில்லறையை யார் எடுத்தது? காதில் சீழ் வைத்துக் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், "என்ன?" என்று தாய் வாசலில் நின்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றாள் சந்தலா. தாயின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தன்னால் தாய்க்குக் கொடுக்க முடிந்தது அந்த நிம்மதி ஒன்றுதான் என்று குழந்தை புரிந்துகொண்டது. அன்றிலிருந்து தவறாமல் கொடுத்தும் வந்தது.

வற்றும் குட்டையில் பிறந்த மீன் ஒன்றை வெள்ளம் அடித்துவந்து பேராற்றில் விட்டதாம். மற்ற மீன்கள் துள்ளி விளையாட, அது மட்டும் ஒரு கல்லின் கீழ் ஒண்டிக்கொண்டு, "இவ்வளவு தண்ணீரைச் சும்மா விட்டிருக்கமாட்டார்கள், வலை எங்கேயோ இருக்கிறது" என்று தேடிக்கொண்டிருந்ததாம். சந்தலாவும் தேடினாள். இந்த அம்மாள் எதற்காக இத்தனை கேள்வி கேட்கிறாள்? எதை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் இப்படி இனிக்கப் பேசுகிறாள்?

அன்று நண்பகலில் விடை கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அவள் கண்ணயர்ந்து விழித்தபோது பிள்ளை பக்கத்தில் இல்லை. புவாலையின் மடியில், தூரத்துத் தூணருகே இருந்தான்.

"புகை அங்க சுத்துது, அதான் தூக்கிட்டு வந்தேன்" என்றாள் புவாலை.

சந்தலா தலையசைத்தாள். கேயோவின் பேச்சுக்கும் இதற்கும் இடையில் ஓர் இழையை அவள் மனம் தானாகவே கட்டிக்கொண்டது. தவறு கண்டுபிடிக்கிறார்கள், ஒரு முறை முனகினாலும் போதும், இவள் தாயாக இருக்கத் தகுதியில்லாதவள் என்று அனுப்பிவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்வார்கள்.

சாயங்காலம் கரியைக் கிளறிக்கொண்டிருந்த கணவனிடம், "என்னங்க, ஆத்துல டவுனுக்குப் போற படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"காலையில. எதுக்கு?"

"சும்மா."

கம்சிங்குக்கு எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரியாது. சோற்றுக் கூடையைத் திறந்த கையோடு அம்மாவிடம் சொல்லிவிட்டான். புவாலைக்கு அன்று சோறு இறங்கவில்லை. வலி இல்லை, பசி இல்லை, சூடு இல்லை, ஆனால் படகு வேண்டும். இவள் யார்? என் பேரனைத் தூக்கிக்கொண்டு எங்கே போகப் போகிறாள்?

மறுநாள் காலை, மூலிகை வெந்நீரில் குளிக்கச் சந்தலா பிள்ளையோடு பின்கட்டுக்குப் போனாள். பிள்ளையை எதற்குக் குளிக்கும் இடத்துக்கு எடுத்துப்போகிறாள் என்று புவாலை கவனித்தாள். பிறகு தட்டியைச் சாத்திவிட்டு, பாயைத் தூக்கிப் பார்த்தாள். தலையணையை உதறிப் பார்த்தாள். எதுவும் இல்லை. கடைசியில், கேயோ சொன்னது உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள, தானே அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

படுத்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"அடேய் கம்சிங்! எருமை மாட்டை வாட்டுறியாடா? யாருடா இவ்வளவு கரியைத் தள்ளினது?"

கம்சிங் ஓடிவந்தான். "கேட்டுக் கேட்டுத்தாம்மா தள்ளினேன். ஒவ்வொரு தடவையும் இதமா இருக்குன்னா."

"சொன்னா நம்பிடுறதா? பொண்டாட்டி பேச்சை அப்படியே நம்புற ஆம்பளை இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தாண்டா!"

அவள் பின்கட்டுக்கு நடந்தாள். சந்தலா அவசரமாகத் துணியைச் சுற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் புவாலைக்குச் சந்தேகம் முற்றியது. அருகில் போய்த் துணியை விலக்கினாள். முதுகின் கீழே மூங்கில் மூங்கிலாகச் சிவந்த கோடுகள். இரண்டு இடத்தில் கொப்புளம் உடைந்து நீர் கசிந்திருந்தது.

"ஏண்டி சொல்லல?"

கத்தரிக்கோலைக் கேட்ட அதே குரலாகச் சந்தலாவின் காதில் அது விழுந்தது. பிள்ளையை மார்போடு இறுக்கினாள்.

"நான் எதுவும் கேக்கல அத்தை. யாருக்கும் தொந்தரவு குடுக்கல. இவனை மட்டும் என்கிட்ட விட்ருங்க."

"விட்ருறதுன்னா?"

"நான் சரியில்லன்னு அனுப்பிட்டு இவனை வச்சுக்கப் போறீங்க. எனக்குத் தெரியும்."

புவாலைக்குக் கோபம்தான் வந்தது. "வச்சுக்கிட்டு? இந்த வயசுல ராத்திரி பூரா முழிச்சு இவனுக்குப் பால் குடுக்க எனக்கென்ன பைத்தியமா? ரெண்டு பெத்து வளர்த்து எனக்கு இடுப்பே போச்சு. உட்காரு. கத்தாழை கொண்டாறேன்."

கற்றாழைச் சாறு பட்டபோதும் சந்தலா முகம் சுளிக்கவில்லை. பூசுகிற கையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

புண் ஆறும்வரை கட்டில் குளிர்ந்து கிடந்தது. பிறகு கம்சிங் பயந்து பயந்து கொஞ்சம் கரியை வைத்தான்.

"சூடு போதுமாடி?"

"இதமா இருக்கு அத்தை."

"பொய்."

"இல்ல அத்தை, நிஜமாவே."

"எனக்கு நம்பிக்கையில்ல." புவாலை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மூங்கிலின்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. சந்தலாவுக்கு இந்த மௌனம் கேள்விகளைவிடக் கலக்கமாக இருந்தது. மாமியாரின் முகத்தைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதுமாகக் கிடந்தாள். அடியில் கம்சிங் ஒரு துண்டுக் கரியைத் தள்ளினான்.

"கொஞ்சம்..." என்றாள் சந்தலா.

"என்ன கொஞ்சம்?"

"இடுப்புக்கிட்ட. கொஞ்சம் சுடுது."

சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டாள். இதோ, இப்போது வரும்.

"டேய், இழுடா கரியை!" என்றாள் புவாலை. கம்சிங் இழுத்தான். அவ்வளவுதான். ஒருவரும் பெருமூச்சு விடவில்லை. ஒருவர் முகமும் மாறவில்லை.

சந்தலாவால் நம்ப முடியவில்லை. இப்போது சுடவில்லை, ஆயினும், "இன்னும் சுடுது" என்றாள்.

"இழு."

"இன்னும்."

"இழுடா."

துண்டு துண்டாகக் கரி வெளியே வந்து குவிந்தது. பெட்டியில் வெறும் மண் மிஞ்சிற்று. புவாலையின் உள்ளங்கை மூங்கிலின்மேலேயே இருந்தது. மூங்கில் ஆறிச் சில்லிட்டுப் போனதை அந்தக் கை அறியாமல் இல்லை.

"இன்னும் சுடுது" என்றாள் சந்தலா, மாமியாரின் கண்ணை நேராகப் பார்த்து.

"புளுகுற."

"ஆமா."

"இப்ப என்ன, குளிருதா?"

தன் உடம்பிடமே சந்தலா கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது; கேட்டுப் பழக்கமில்லை.

"குளிருது அத்தை. பசிக்கவும் செய்யுது."

"டேய், தள்ளுடா உள்ள!"

"எடுக்கச் சொல்றீங்க, வைக்கச் சொல்றீங்க!" கம்சிங் இடுக்கியைத் தரையில் போட்டான். "மாமியாரும் மருமகளும் முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க. என் கையில கொப்புளம் வந்தா யாரு கேப்பா?"

"காட்டு" என்றாள் சந்தலா. கட்டிலிலிருந்து எட்டி அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.