சொல்லுக்குச் சொன்னது

கழிப்பறை வாசலில் நின்று மஹ்லகா உள்ளே பார்த்தாள். குத்தவைத்து உட்காரும் பீங்கான் இருந்த இடத்தில் ஒரு வெஸ்டர்ன். சுற்றிலும் ஓடுகளை உடைத்துச் சிமெண்டைக் கோணலாகப் பூசியிருந்தார்கள். அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. இப்படி ஏதாவது கிடைக்காதா என்றுதான் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டைக் காலி செய்கிற கியூமர்ஸ் பின்னால் நின்றான். இஸ்ஃபஹானில் வாடகை கொஞ்சம், அட்வான்ஸ்தான் மலை. காலி செய்கிற அன்று ஒரு கையில் சாவி, மறு கையில் பணம். அவன் சாமான்கள் கீழே லாரியில் ஏறிவிட்டன. புது வீட்டுக்காரர் மாலைக்குள் பணம் கேட்கிறார். அவன் தந்த அட்வான்ஸை மஹ்லகா தன் மகனின் செருப்புக்கடையில் போட்டிருந்தாள். கடை போன குளிர்காலமே மூடிவிட்டது. அடுத்துக் குடிவருகிறவரிடம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால், யாரும் அமையவில்லை. இது எதுவும் கியூமர்ஸுக்குத் தெரியாது.

“யாரக் கேட்டு ஒடச்சீங்க?”

“அம்மாவுக்கு முட்டி மடங்கல, ஹானும். சொல்லத்தான் வந்தேன். நீங்க மஷ்ஹதுக்கு யாத்திரை போயிருந்தீங்க.” வீட்டுக்காரம்மாவை அவன் ஹானும் என்றுதான் மரியாதையாக அழைப்பான்.

“அங்கேயே தங்கிட்டேனா என்ன?”

அவள் கோணல் சிமெண்டைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

“தர மொத்தமும் பேத்தெடுக்கணும். கீழ்வீட்டுக்கு ஒழுகியிருக்கும். எல்லாம் பாத்து முடிக்காம பணம் தர முடியாது.”

“நானே பழையபடி வெச்சுத் தந்துடறேன். கொத்தனாரு கீழ நிக்கிறாரு.”

“அதே ஓடு இப்ப வர்றதில்ல.”

“கெடச்சிருச்சு, ஹானும். பழைய பீங்கானும் அப்படியே இருக்கு.” பால்கனியிலிருந்து அதைத் தூக்கி வந்தான். செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தான். கீறல் இல்லை.

மஹ்லகா அதைத் தடவிப் பார்த்தாள். வேறு என்ன உடைந்திருக்கிறது? கூடத்தின் சுவர்களை இன்னொரு முறை பார்த்தாள். சுத்தமாக இருந்தன.

கூடத்தில் மிஞ்சியிருந்த ஒரே நாற்காலியில் கைத்தடியோடு அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். “அந்தம்மா மொகம் வெளுத்துப்போச்சு பாரு. வாசல்லயே நிக்கவெச்சு வக்கீல் மாதிரி பேசுற.”

கியூமர்ஸ் குரலைத் தணித்தான். “தப்பா எடுத்துக்காதீங்க, ஹானும். பணம் என்ன பணம், உங்க கால் தூசி பெறுமா? உங்ககிட்டயே இருக்கட்டும்.”

மரியாதைக்கு டாக்ஸிக்காரன் சொல்வது. ரொட்டிக்கடைக்காரன் தினமும் சொல்வது. கேட்டவர் உடனே, ஐயோ அதெல்லாம் கூடாது, பிடிங்க என்று பணத்தை நீட்ட வேண்டும். மஹ்லகா ஆயுள் முழுக்க அப்படித்தான் நீட்டியிருக்கிறாள்.

“சரி,” என்றாள். “இருக்கட்டும்.”

கியூமர்ஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

“ஹானும்?”

“நீங்க சொன்னதுதானே.”

அவன் அம்மா மகனைப் பார்க்கவில்லை. மஹ்லகாவையே பார்த்தாள், வெகுநேரம். “காசு இல்லைன்னு சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

மஹ்லகா செய்தித்தாளை மீண்டும் பீங்கானில் சுற்ற ஆரம்பித்தாள். ஓரம் கிழிந்தது.

கியூமர்ஸ் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். “அண்ணே, எல்லாத்தையும் திருப்பி மேல ஏத்துங்க.”

கீழே யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பிறகு படிக்கட்டில் கனத்த மூச்சுகள். கதவைக் கயிற்றால் கட்டிய ஃப்ரிட்ஜ் வாசலில் சாய்ந்தபடி நுழைந்தது.

“கொஞ்சம் ஒதுங்குங்கம்மா,” என்றான் சுமப்பவன்.

மஹ்லகா முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கிழவி கைத்தடியை நீட்டி, தரையில் ஃப்ரிட்ஜ் நின்றிருந்த, நிறம் மங்காத சதுரத்தைக் காட்டினாள்.