விற்பனைக்கு இல்லாத தையல்காரர்

தையல்காரர் வீட்டுச் சமையலறை ஜன்னல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காணாமல் போனது. அது இருந்த இடத்தில் பழைய சுண்ணாம்போடு வெறும் சுவர் நின்றது. அவர் மனைவி ஓவியக்காரி அப்போது வெளிநாட்டில் இருந்தாள். அங்கே தங்கிப் படம் வரைய அழைத்திருந்தார்கள். அறை, சாப்பாடு, சாயம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, முடிவில் கண்காட்சி. அந்த ஜன்னலை வரைந்து மூலையில் கையெழுத்துப் போட்டதாக அவளே போனில் சொன்னாள். போட்ட நேரமும் ஜன்னல் போன நேரமும் ஒத்துப்போயின.

அப்புறம் கட்டில் போனது, பீரோ போனது. பீரோவுக்குள் இருந்த துணிகள் மட்டும் மடிப்புக் கலையாமல் தரையில் கிடந்தன. தெருவே வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. தையல் மிஷினும் போன அன்றுதான் மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, என் பொழப்புல மண்ணள்ளிப் போடறியே, அந்த ஊர்ல வரைய வேற ஒண்ணுமே இல்லியா?"

"எதை வரைய உக்காந்தாலும் கை நம்ம வீட்டுக்குத்தான் போகுதுங்க," என்று அவள் அழுதாள்.

பாவம், அவருக்கும் மனசு கேட்கவில்லை. "சரி, அழாத. மிச்சம் நான் ஒருத்தன்தான். என்னையும் வரைஞ்சிடு."

"யாராவது வாங்கிட்டாங்கன்னா?"

"இந்த மூஞ்சியக் காசு குடுத்து எவன் வாங்குவான்?"

படம் முடிந்த அன்று தேய்த்த சட்டையைப் போட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்தார். மத்தியானம் பார்த்தபோது செருப்பு மட்டும் இருந்தது. அதை அவள் வரைய மறந்திருந்தாள்.

கண்காட்சியில் எல்லாமே விற்றன. ஜன்னலைப் பல் டாக்டர் ஒருவர் வாங்கினார். கடைசியில், யாருமே எதிர்பார்க்காத விதமாக, ஒரு ஓட்டல் முதலாளி தையல்காரரைக் கேட்டார். கூடத்தில் மாட்டியது எதுவானாலும் விலைக்குத்தான் என்று நிர்வாகி கறாராகச் சொல்லிவிட்டார். அவள் ஒரு துணியை டர்பன்டைனில் நனைத்து, அத்தனை பேர் பார்க்க அந்தப் படத்தின் மூலையில் இருந்த தன் பெயரை அழுத்தித் துடைத்தாள். தையல்காரர் வெறுங்காலோடு சுவரிலிருந்து இறங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆளில்லாத படத்துக்கு ஓட்டல் முதலாளி விலை பேசவில்லை.

அவருக்கு ஏது பாஸ்போர்ட்? அவள் மறுபடி கையெழுத்துப் போட்டு, அவரைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்து, வீட்டு வாசலில் துடைத்து இறக்கினாள். அதன் பிறகு எந்தப் படத்திலும் அவள் பெயர் இல்லை. பெயரில்லாத படங்கள் சுமாராகத்தான் விற்கின்றன. மிஷின் புதிதாக வாங்கினார்கள்.

ஜன்னல் இல்லாமல் புழுக்கமாக இல்லையா என்று கேட்பவர்களிடம் தையல்காரர், "இருக்கத்தான் செய்யுது. ஜன்னல் போனாப் போகட்டும், வரைஞ்சவ வீட்ல இருக்கா" என்பார். சுருட்டியதில் அவர் சட்டை முதுகில் விழுந்த சுருக்கம் மட்டும் எந்த இஸ்திரிக்கும் போகவில்லை.