நடு ஓட்டை

ஓட்டை போடுகிற நாலாவது பிட்டும் மழுங்கிப் போயிற்று.

சாலமோன் பெல்ட்டைத் தள்ளிவிட்டு மிஷினை நிறுத்தினான். லாரி ஸ்பிரிங் பட்டையில் கடுகளவு பள்ளம்கூட விழவில்லை. தேய்த்துப் பளபளவென்றாகிவிட்ட ஒரு வட்டம்தான் மிச்சம். பிட்டின் முனை நீலம் பாரித்து, ஓரமெல்லாம் உதிர்ந்து கிடந்தது. கழற்றும்போது விரலைச் சுட்டது. வயிற்றெரிச்சலில் அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

"நாலு," என்று ஸ்டோருக்குள்ளிருந்து கோபாலின் குரல் வந்தது. "இன்னும் ஒண்ணுதான் பாக்கி, பாத்துக்கோ." சொல்லிவிட்டுக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான்.

கும்மிடிப்பூண்டியில், கல்கத்தா ரோட்டோரம் இருந்த கிஃபாயத்துல்லா பாயின் லாரிப் பட்டறையில் அப்படி ஒரு சட்டம். பிட்டைக் கெடுத்தவன் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஐந்து கோடு விழுந்தால் மிஷினை விட்டுவிட்டு விறகு சுமக்கப் போக வேண்டியதுதான். பிட்டு ஏன் கெட்டது என்று எழுத அந்தக் கதவில் இடம் விடவில்லை. கோடு போடுகிறவன் கோபால், மெட்ராஸ் பட்டணத்துக்குப் போய்ப் பிட்டு வாங்கி வருகிறவனும் அதே கோபால். நியாயம் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷம் முன்புவரை சாலமோனும் சவுக்குக் கட்டை சுமந்தவன்தான். அவன் சேரியிலிருந்து மிஷினில் கை வைத்த முதல் ஆள். திரும்பவும் தலையில் சும்மாட்டைக் கட்டிக்கொண்டு போய் நின்றால் ஊர் சிரிக்கும் என்ற பயம் அவனுக்கு இருந்தது. அதைவிடப் பெரியது ஆத்திரம்; குற்றம் தன் கையில் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

அன்று காலையில்தான் பாயின் லாரிக்குப் பின்பக்க ஸ்பிரிங்கில் முதல் பட்டை முறிந்திருந்தது. யுத்தம் முடிந்து மிலிட்டரி ஏலத்தில் எடுத்த லாரி. அதோடு வந்த புதுப் பட்டை ஒன்று பட்டறையில் கிடந்தது. நடு போல்ட்டுக்கான ஓட்டை மட்டும் அதில் இல்லை. ஒரே ஒரு ஓட்டை. அது விழுந்தால் லாரி கட்டை சுமக்கும் பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆரம்பாக்கம் பக்கம் சவுக்குத் தோப்புக்குப் போகும். வரும்போது கட்டைக்கு மேலே அந்தப் பெண்கள் உட்கார்ந்து வருவார்கள். எல்லாரும் விடியற்காலையிலிருந்து வாசல் புளியமரத்தடியில் காத்துக் கிடந்தார்கள். சாலமோனின் மனைவி விக்டோரியாவும் அதில் ஒருத்தி.

சாலமோன் நேரே பாயிடம் போனான்.

"பாய், பட்டை பதம் ஏத்தின எஃகு. இந்தப் பிட்டு அது மேல வழுக்கிக்கினு சுத்துதே தவிர, கீழ இறங்கல. இது நல்ல பிட்டே இல்ல."

"கம்பெனி முத்திரை குத்தியிருக்குதே சாலமோன்?"

"முத்திரைய எவன் வேணா குத்தலாம் பாய். இப்படி வாங்க, காட்டுறேன்."

சாணைக்கல்லைச் சுற்றவிட்டான். வெள்ளைக்காரன் காலத்துப் பிட்டுத் துண்டு ஒன்று பென்சில் கனத்தில் அவனிடம் இருந்தது. இந்த வேலைக்கு அதன் கனம் போதாது. அதைக் கல்லில் வைத்தான். மங்கலான சிவப்பில் நாலைந்து பொறிகள் இழை இழையாக வந்து அடங்கின. பிறகு கோபால் வாங்கிய பிட்டை வைத்தான். வெள்ளை வெளேரென்று கம்பி மத்தாப்பு மாதிரி பொறி பூப்பூவாக வெடித்தது.

"செவப்பா வருதே, அதான் சூடு தாங்குற பிட்டு. இது கத்தி செய்யுற எஃகு. பதம் ஏத்தாத பச்சை இரும்புக்குப் போதும். பட்டை மேல வச்சா அந்தச் சூட்டுல முனை செத்துப்பூடும்."

கோபால் கைகட்டி நின்று சிரித்தான். "தீபாவளி இன்னும் வரல பாய், அதுக்குள்ள மத்தாப்பு காட்டுறான். போன வாரம் இதே பிட்டுலதான் நான் வாசல் கேட்டுக்கு நாலு ஓட்டை போட்டேன். பிட்டுல ஒரு கொறையும் இல்ல. கட்டை தூக்கின கை, அதான் பேஜாரு."

கட்டை தூக்கின கை. சாலமோன் பல்லைக் கடித்துக்கொண்டான். கேட்டு பச்சை இரும்பு, பட்டை எஃகு என்ற வித்தியாசம்கூடத் தெரியாதவனுக்கு வாய் மட்டும் இப்படி நீளுகிறதே என்று அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பாய், பன்னெண்டு மணி ரயிலுக்குப் பட்டணத்துக்கு ஆள் அனுப்புங்க. நல்ல பிட்டு ஒண்ணே ஒண்ணு வரட்டும். பெல்ட்ட மெதுவா ஓடுற புல்லிச் சக்கரத்துக்கு மாத்தி, எண்ணெய் ஊத்தி, அழுத்தி இறக்கினா ஒரு மணி நேரத்துல நான் போட்டுடுறேன். லாரி நாளைக்குப் போவட்டும்."

"நாளைக்குன்னா தோப்புக்காரன் வேற லாரிய வச்சுக்குவான்," என்றார் பாய். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவசரம் வந்துவிட்டால் யார் சுலபமான பதில் சொல்கிறானோ அவன் பக்கம் சாய்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "நான் ஜும்மாவுக்குப் போயிட்டு, ஊட்ல சாப்ட்டுட்டு வர்றேன். வர்றதுக்குள்ள ஓட்டை விழுந்திருக்கணும். யார் போட்டாலும் சரி."

யார் போட்டாலும் சரி என்றதைக் கோபால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பாய் தலை மறைந்ததும், ஸ்டேஷனுக்குப் போய்ப் பட்டறைக்கு ஏதாவது பார்சல் வந்திருக்கிறதா என்று பார்த்து வரும்படி சாலமோனை விரட்டினான்.

போகிற வழியில் விக்டோரியா மறித்தாள். "இன்னாய்யா, இன்னும் ஆவலியா? அரை நாள் கூலி போச்சு."

"ஆவும்," என்றான். நாலு கோட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் காய்ந்ததுதான் மிச்சம், பார்சலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. திரும்பி வந்தபோது பாயும் வந்துவிட்டிருந்தார். பட்டை மேஜைமேல் இருந்தது. நட்ட நடுவில் அச்சு வார்த்தாற்போல வட்டமாக ஒரு ஓட்டை.

"பாத்துக்கோ," என்றான் கோபால். "அதே பிட்டு, அதே மிஷினு. கைதான் வேற."

பாயின் முகம் மலர்ந்திருந்தது. சாலமோன் பட்டையைத் தொட்டான். ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளியும் வெதுவெதுவென்று இருந்தது. மேல்தோல் சாம்பல் பூத்துச் செதில் செதிலாக உரிந்தது. அவன் திரும்பி உலையைப் பார்த்தான். கனல் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"உலையில போட்டியா?"

"ஆமா, போட்டேன். நல்லா செவக்கப் பழுக்க வச்சு, சாம்பல்ல மூடி ஆற வச்சேன். அப்புறம் வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்கிச்சு. உனக்கு ஏன் இந்த யோசனை வரல?"

"வந்துச்சுடா. வந்ததாலதான் செய்யல." சாலமோனின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "பழுக்க வச்சு பதத்த எறக்கி, பட்டையோட உயிர எடுத்துட்டு ஓட்டை போட்டிருக்கான் பாய். திரும்பப் பதம் ஏத்தாம இத மாட்டினா ஒரு பள்ளம் தாங்காது. அச்சு நழுவி லாரி கவுந்துடும்."

"பொறாமையில பேசுறான் பாய்."

சாலமோன் பட்டையின் ஒரு முனையை வைஸ் இடுக்கியில் இறுக்கினான், மறு முனையில் குழாயைச் சொருகினான், உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தான். நல்ல பட்டையாக இருந்தால் கையை விட்டதும் அவனையே தூக்கி எறிந்திருக்கும். இது வளைந்தது. கையை எடுத்தான். வளைந்தது வளைந்தபடியே நின்றது.

பாய் கிட்டே வந்து பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நிமித்தி மாட்டிடு சாலமோன். இன்னிக்கு ஒரு நடைதான. மெதுவா ஓட்டச் சொல்றேன்."

அப்போது வந்தது பாருங்கள், அதுதான் கோபம். இவ்வளவு நேரம் கோபால்மேல் இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அவன் தெரியாமல் செய்தான், தெரியாத முட்டாள். இவர் கண்ணால் பார்த்தார், கையால் தொட்டார், பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டச் சொல்கிறார். சாலமோன் பட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

"அத வெளிய எடுத்துக்கினு போனியானா திரும்ப மிஷின் பக்கம் வராத," என்றார் பாய்.

அவன் கால் நின்றது. மிஷினை ஒருமுறை பார்த்தான். காலையில் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தது. பிறகு வெளியே போனான்.

புளியமரத்தடியில் பட்டையைப் போட்டதும் விக்டோரியாதான் முதலில் எழுந்தாள். "இன்னாய்யா இது, சண்டை வலிச்சுக்கினியா? கெடச்ச வேலைய விட்டுட்டு வந்துட்டியா?"

"இதத்தான் உங்களுக்குக் கீழ மாட்டப் போறாங்க. கையால வளச்சேன், வளஞ்சுடுச்சு."

அவள் குனிந்து வளைவில் விரலை ஓட்டிப் பார்த்தாள். "லோடு ஏத்தினப்புறம் எங்க பாரமும் இது மேலதான?"

"ஆமா."

அவள் பட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பாயின் எதிரே போய் நின்றாள்.

"ஜாஹிதாம்மா ஊட்லதான கீறாங்க பாய்?"

தன் மனைவியின் பெயரைக் கேட்டதும் பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாத்துக்கு?"

"கூப்ட்டுக்கினு வாங்க. டிரைவர் பக்கத்துல வேணாம். எங்களோட கட்டை மேல குந்தட்டும். அவங்க ஏறினா நாங்களும் ஏறுறோம்."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விக்டோரியா பட்டையை அவர் காலடியில் மெதுவாகவே வைத்தாள். பெண்கள் சும்மாட்டையும் கஞ்சித் தூக்கையும் எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். சாலமோனும் அவர்களோடு நடந்தான். பின்னால் பாய் கோபாலிடம், மெட்ராஸ் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பது காதில் விழுந்தது. சாலமோனை அவர் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை லாரி தோப்புக்குப் போனது. பட்டணத்திலிருந்து வேறு பட்டையும் நல்ல பிட்டும் வந்திருந்தன. மெதுவான புல்லி, எண்ணெய், அழுத்தம் எல்லாம் சாலமோன் சொன்னபடியே. கோபால்தான் ஓட்டை போட்டான். அவன் கை ராசியான கை என்று பாய் நாலு பேரிடம் சொன்னாராம். சாலமோன் தலையில் சும்மாட்டோடு கட்டை ஏற்றிவிட்டு, அதன் மேலேயே விக்டோரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை அமுங்கி, உடனே எழும்பியது. பெண்கள் பயமில்லாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். விக்டோரியா ஏதோ கேட்டாள். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது.