மூச்சக்காவும் சலூன்காரரின் கல்லீரலும்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்றுதான் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். மூன்றாம் மாடியில் எக்ஸ்ரே அறையை ஒட்டி, ஒரு கட்டிலும் ஒரு மெஷினும் ஒரு நாற்காலியும் போட்டால் கதவைத் திறக்கவே இடமில்லாத ஓர் அறை. அதுதான் அவள் ராஜ்யம்.

கல்லீரலில் கட்டி வந்தவர்கள், சொந்தக்காரருக்குக் கல்லீரலில் பாதியைக் கொடுக்க வந்தவர்கள் என்று எல்லோரும் அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்தாக வேண்டும். கையில் ஊசி வழியாக ஒரு மருந்து போகும். அதில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமான கார்பன் கலந்திருக்கும். கல்லீரல் அந்த மருந்தை உடைக்க உடைக்க, அந்தக் கனமான கார்பன் மூச்சில் வெளியே வரும். முகத்தில் மாட்டிய மாஸ்க்கின் குழாய் அதை மெஷினுக்குக் கொண்டுபோகும். ஸ்கேனை மட்டும் நம்பாமல் இப்படி மூச்சை வைத்தும் கல்லீரலின் வேலையை அளக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அதை நடத்திய பெரிய டாக்டரம்மா மாணவர்களுக்கு விளக்கும்போது, ஆபீசில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஸ்கேன் சொல்லும், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று மூச்சக்காதான் சொல்ல வேண்டும் என்பார்.

அந்த அறைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சலூன்காரர் வந்தார்.

ஐம்பத்திரண்டு வயது. வலப்பக்கக் கல்லீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. வலப்பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். ஆனால் மிச்சமிருக்கும் இடப்பக்கம் உடம்பைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. மிஞ்சும் பகுதியின் வேலைத்திறன் மெஷின் அளவில் நூறு புள்ளிக்கு மேல் இருந்தால் அறுக்கலாம், கீழே போனால் கூடாது என்று ஆராய்ச்சியில் ஒரு கோடு வைத்திருந்தார்கள்.

மனிதருக்குப் பயமே இல்லையா, அல்லது பயத்தைப் பேச்சில் கரைக்கிறாரா என்று மூச்சக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அறைக்குள் வந்த ஐந்தாவது நிமிஷத்தில், அவள் வகிடு எடுக்கும் பக்கம் தப்பு என்று சொல்லிவிட்டார். மாஸ்க் மாட்டிய பிறகும் விடவில்லை. பேசப் பேச மாஸ்க் விலகியது, மூச்சு ஓரத்தில் கசிந்தது, மெஷின் பீப் பீப் என்று புலம்பியது. முப்பது வருஷமாக வாயும் கத்தரியும் ஒன்றாகவே ஓடிப் பழகியவர்; கையைக் கட்டிப்போட்டதும் வாய்க்கு இரண்டு மடங்கு வேலை வந்துவிட்டது.

கடைசியில் வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவியை மூச்சக்கா உள்ளே கூப்பிட்டாள்.

"இவரை எப்படியாவது பேசாம பாத்துக்கங்கம்மா. ஒரு மணி நேரம்தான்."

"அதை என்கிட்ட விடுங்க," என்றாள் அந்த அம்மா. சின்ன உருவம். முகத்தில் அலாதியான நிதானம்.

அதற்குப் பிறகு அறையில் அப்படி ஓர் அமைதி. நடுவில் அடுத்த மாடியிலிருந்து ஒரு ரிப்போர்ட் கேட்டு ஆள் வந்ததால் மூச்சக்கா பத்து நிமிஷம் வெளியே போனாள். திரும்பி வந்தபோதும் சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தார். மூச்சு காட்டிய மொத்த அளவில் இடப்பக்கத்தின் பங்கை ஸ்கேனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு. டாக்டரம்மாவுக்கும் திருப்தி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாயிற்று.

மறு புதன்கிழமை காலையில் ஆராய்ச்சிக் கோப்பில் ஒட்டுவதற்காக வரைபடங்களை அச்செடுத்தபோதுதான் அது அவள் கண்ணில் உறுத்தியது. எல்லோருடைய கோடும் முதலில் ஏறி, ஓர் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல இறங்கும். சலூன்காரருடைய கோடு சோம்பலாக ஏறியது, சம நிலைக்கு வந்தது, முக்கால் மணி நேரத்தில் திடீரென்று உற்சாகம் வந்ததுபோல மறுபடியும் மேலே ஏறியது. கம்ப்யூட்டர் அந்த இரண்டாவது உச்சியைத்தான் கணக்கில் எடுத்திருந்தது.

மெஷினில் கோளாறோ என்று அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திப் பார்த்தாள். மெஷின் சொக்கத்தங்கம். கோப்பை மூடி வைத்தாள். மூடிய கோப்பு மனசுக்குள் திறந்தே கிடந்தது. தான் வெளியே போயிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று கேட்க, மதியம் சாப்பாட்டு இடைவேளையில் சலூனுக்கே போய்விட்டாள்.

இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது சலூன். மூன்று சுழல் நாற்காலி, சுவர் நெடுகக் கண்ணாடி. முன்னால் மேஜையில் மனைவி உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. சலூன்காரரோ நாற்காலியில் ஒரு மூன்று வயசுப் பெண்குழந்தையை உட்கார வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை கதையையும் கேட்கவில்லை, தலையையும் காட்டவில்லை. வீறிட்டு அழுதது. மனைவி எழுந்து போய் ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்து, ஒரு மிட்டாயை எடுத்து அதன் வாயில் போட்டாள். குழந்தை பொம்மைபோல உட்கார்ந்துவிட்டது.

"இது வாயில இருந்தா யாரும் சத்தம் போடமாட்டாங்க," என்றாள் மூச்சக்காவைப் பார்த்துச் சிரித்து. "அன்னைக்கு உங்க ரூம்லயும் இதுதான் காப்பாத்துச்சு."

மூச்சக்கா ஜாடியின் பக்கம் நகர்ந்தாள்.

"மாஸ்க்கைத் தூக்கிக் குடுத்தீங்களா?"

"லேசா ஒரு ஓரமா. அஞ்சு குடுத்தேன். நீங்கதானே சொன்னீங்க, எப்படியாவது பேசாம பாத்துக்கச் சொல்லி."

ஜாடியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் சுத்தமான கரும்புச் சர்க்கரை என்று பெருமையாகப் போட்டிருந்தது. நெல், கோதுமை போன்ற பயிர்களைவிடக் கரும்பில் அந்தக் கனமான கார்பன் கொஞ்சம் கூடுதல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் படித்த பாடம் அது. கல்லீரல் உடைத்த மருந்தோடு ஐந்து மிட்டாயும் சேர்ந்து மூச்சில் வந்து, மெஷினை ஏமாற்றியிருக்கிறது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னவள், வந்த பிறகு எதுவும் வாயில் போடக் கூடாது என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாஸ்க் மாட்டிய ஆளை விட்டுவிட்டு வெளியே வேறு போயிருக்கிறாள்.

திரும்பி நடக்கும்போது மனசு பல சமாதானம் சொல்லிப் பார்த்தது. ஐந்து மிட்டாய் என்ன பெரிதாக ஏற்றிவிடும்? நூற்றுப் பன்னிரண்டு நூற்றைந்தாக இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. தொண்ணூறாக இருந்தால்? அந்த எண் வந்ததும் கால் தானாக வேகம் பிடித்தது. நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போய், உட்காராமலே, ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தாள். தப்பு அந்த அம்மாவுடையது இல்லை, தன்னுடையது என்பதையும் சொன்னாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் அந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்.

"நானும்தான் பாத்தேன், நம்பரை மட்டும் பாத்தேன்," என்றார். "நாளைக்குக் காலையில திரும்ப எடுங்க. வெள்ளிக்கிழமையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மறுநாள் சலூன்காரரின் மனைவி உள்ளே வரவே மறுத்துவிட்டாள். என்ன நடந்தது என்று மூச்சக்கா விளக்கிச் சொன்னதிலிருந்து, தான் தொட்டதெல்லாம் வினையாகிவிடும் என்று அவளுக்குப் பயம். அது தன் தப்பு என்று மூச்சக்கா நாலு தடவை சொல்லியும் கேட்காமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். இவரை எப்படி அடக்குவது? மூச்சக்கா யோசித்தாள். அவர் பேசக் கூடாது, அவ்வளவுதானே. வேறு யாராவது பேசலாமே.

இயல்பில் அதிகம் பேசாதவள் அவள். மாஸ்க்கை மாட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் நாத்தனார் கதையை எடுத்தாள். தான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, கேட்காமலே, சமையலறைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்ட நாத்தனார். அதை ஆதரித்த புருஷன். அன்றிலிருந்து எட்டு மாதமாக, நாத்தனாரோடு போனில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத தான். சலூன்காரருக்குக் கண் விரிந்தது. புருவம் நெரிந்தது. ஒருமுறை விரலைத் தூக்கினார். அவள் அதை மெல்ல மடக்கிவிட்டாள். முழுசாக ஒரு மணி நேரம், வாயைத் திறக்காமல், எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டார்.

மாஸ்க்கைக் கழற்றியதும் முதல் வேலையாகச் சொன்னார்: "உங்க நாத்தனார் பண்ணதுதாங்க சரி."

"எப்படிச் சொல்றீங்க?"

"பழைய கலர் சாம்பல்னு நீங்கதானே சொன்னீங்க. சாம்பல் சுவத்துக்கு நடுவுல நின்னு யாரு சமைப்பா?"

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு மெஷின் பக்கம் திரும்பிக் கணக்குப் போட்டாள். சிரிப்பு நின்றது. எண்பத்து நாலு.

டாக்டரம்மா புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். நாளைக்கு ஆபரேஷன் இல்லை; செய்திருந்தால் மிச்சமிருக்கும் பாகம் தாங்கியிருக்காது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சலூன்காரர் முதன்முறையாகத் தானாகவே மௌனமானார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முடின்னா வெட்ட வெட்ட வளரும். ஈரல் வளருமாங்க?"

"வளரும்," என்றார் டாக்டரம்மா.

வலப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை, வயிற்றைக் கிழிக்காமல், ஒரு மெல்லிய டியூப் விட்டு அடைத்துவிடலாம் என்றார். அந்த ரத்தமெல்லாம் இடப்பக்கத்துக்குத் திரும்பும். ஒரு மாதம், ஐந்து வாரத்தில் இடப்பக்கம் பருக்கும். அதற்குப் பிறகு அளந்து பார்த்து அறுக்கலாம். அதுவரை கட்டி சும்மா இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம்.

சலூன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வளரட்டுங்க. வளர்ற வரைக்கும் காத்திருந்து வெட்டறதுதானே எங்க பொழப்பு."

டாக்டரம்மா சிரித்து அன்றுதான் மூச்சக்கா பார்த்தாள்.

குழாயை அடைத்தார்கள். இரண்டு நாள் காய்ச்சல் அடித்து நின்றது. ஐந்து வாரமும் அந்த அம்மா காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவரோ சலூனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தன் வயிற்றுக்குள் ஒன்று வளர்கிறது என்று அறிவித்து, ஊரையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது சோதனையன்று மனைவியை மூச்சக்கா கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தாள். கோடு அழகாக ஏறி, அழகாக இறங்கியது. நூற்றுப் பத்தொன்பது. எண்ணை அவள் முதலில் சொன்னது அந்த அம்மாவிடம்தான்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. மூன்றாம் நாள் கண்ணில் மஞ்சள் இல்லை, ஐந்தாம் நாள் நடந்தார், பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன்பு அந்த அம்மா மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, மூச்சக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே ஆட்டோ நிற்கிறது என்று ஓடினாள்.

மூச்சக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சலூன்காரர் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி, எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று ஆட்டோக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் நாத்தனாருக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.